கோலமும் கணிப்பொறி மொழியும்

(பத்தாம் வகுப்பு, கணித மன்றத்தினர்)

எங்கள் கணித மன்றத்தில் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடில் கருத்தரங்கு நடைபெறுவது வழக்கம். கருத்தரங்கு என்றதும் மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று எண்ணிவிட வேண்டாம். ஒருத்தி கரும்பலகை அருகே நின்று பேசுவாள். மற்றவர்கள் இடையிடையே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கலாம். "புரியாமல் தலையாட்டுகிறவளுக்குச் சுண்டல் கிடையாது" என்பது சிஸ்டர் வகுத்த ஒரே விதி.

இவ்வாண்டு கார்த்திகை மாதக் கூட்டத்திற்கு ஒரு விருந்தினர் வாய்த்தார். நம் பள்ளியில் படித்து, இப்பொழுது சென்னையில் கணிதம் பயிலும் அக்கா ஒருவர் உறவினர் திருமணத்திற்காக ஊருக்கு வந்திருந்தார். சிஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கணிப்பொறி மொழிகளுக்கு அடிப்படையாக இருக்கும் கணிதத்தைப் பற்றிச் சென்னையில் நடக்கும் ஆய்வுக் கருத்தரங்குகளுக்கு அவர் போவதுண்டாம். 1962-இல் தொடங்கப்பெற்று, இப்பொழுது தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன.

"அங்கே எத்தனை கணிப்பொறி இருக்கும், அக்கா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"கருத்தரங்கு அறையிலா? கரும்பலகையும் சாக்பீசும்தான் இருக்கும். பேச வந்தவர் முதல் வரி எழுதி முடிப்பதற்குள் யாராவது கையைத் தூக்கிவிடுவார்கள்" என்றார் அக்கா. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் போலவே இருக்கிறதே என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சுண்டல் உண்டா என்று கேட்டதற்குத் தேநீர் உண்டு என்றார்.

அன்று அவர் சொன்னதையும், அதைப் பிடித்துக்கொண்டு மார்கழியில் நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொடரை நிரல் என்கிறோம். அதை எழுதுவதற்கு ஏற்பட்டவையே கணிப்பொறி மொழிகள். தமிழுக்கு இலக்கணம் இருப்பதுபோல் அவற்றுக்கும் இலக்கணம் உண்டு. வேறுபாடு என்னவெனில், நாம் ஒற்றுப்பிழை விட்டால் தமிழாசிரியை அரை மதிப்பெண் குறைத்துவிட்டுப் பொருளைப் புரிந்துகொள்வார்கள். கணிப்பொறியோ ஒரு புள்ளி விடுபட்டால்கூட முழுத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

இலக்கணம் என்பதைக் கணிதக் கண்ணோடு பார்ப்பது எப்படி? அக்கா ஒரு சிறிய இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினார். முதல் விதி: "மழை பெய்யும்" என்பது ஒரு வாக்கியம். இரண்டாம் விதி: எந்த வாக்கியத்தின் பின்னும் "என்று பாட்டி சொன்னாள்" என்று சேர்த்தால் அதுவும் ஒரு வாக்கியம். இரண்டே விதிகள்தாம். ஆனால் "மழை பெய்யும்", "மழை பெய்யும் என்று பாட்டி சொன்னாள்", "மழை பெய்யும் என்று பாட்டி சொன்னாள் என்று பாட்டி சொன்னாள்" என்று வாக்கியங்கள் முடிவின்றி நீண்டுகொண்டே போகின்றன. உலகத்துத் தாள்களையெல்லாம் கொண்டுவந்தாலும் எழுதித் தீராதவற்றை இரண்டு வரியில் அடக்கிவிட்டோம் அல்லவா? இவ்வாறு விதிகளால் பிறக்கும் மொழிகளை 1956-இல் அமெரிக்க மொழியியலார் நோம் சோம்ஸ்கி வகைப்படுத்திக் காட்டினார். 1959-இல் பாரிசில் நடந்த மாநாட்டில், ஜான் பேக்கஸ் என்பவர் கணிப்பொறி மொழி ஒன்றின் இலக்கணத்தை இதே போன்ற விதிகளாக எழுதிக் காட்டினார். அவருடைய குறியீட்டுமுறை பாணினியின் வடமொழி இலக்கணத்தை நினைவூட்டுகிறது என்றும், ஆகவே பாணினியின் பெயரையும் அதற்குச் சேர்த்து வைக்கலாம் என்றும் 1967-இல் இங்கர்மன் என்பவர் எழுதினார். நமக்குத் தொல்காப்பியரை மனப்பாடப் பகுதியாக மட்டுமே தெரியும். நூற்பாவும் ஒரு விதிதான் என்று அன்றுதான் தோன்றியது.

"ஆனால் பாட்டி சொன்னதற்காக மழை பெய்துவிடுமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும்! எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அதுதான் அடுத்த கேள்வி என்றார். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருப்பது ஒன்று. அது சொல்வது உண்மையாக இருப்பது வேறொன்று. நிரலுக்கும் அப்படியே. இலக்கணப் பிழையைக் கணிப்பொறி தானே கண்டுபிடித்துவிடும். இலக்கணம் சரியாக இருந்தும் தவறான விடை தரும் நிரலை யார் கண்டுபிடிப்பது?

இது விளையாட்டான கேள்வி அன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று ஐரோப்பிய நாடுகளின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டு, ஏறக்குறைய 40 விநாடிகளில் சிதறிப்போயிற்று. ஒரு பெரிய எண்ணை, 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய இடத்தில் வைக்க முயன்ற நிரலே காரணம். அந்நிரல் பழைய ஏரியான்-4 ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்ததுதான். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம், எண்ணும் பெரிதாகிவிட்டது. பலமுறை சரியாக வந்தது என்பதனால் எப்பொழுதும் சரியாக வரும் என்று ஆகிவிடாது. இதை நாங்களே பட்டுத் தெரிந்துகொண்ட கதையைப் பின்னால் சொல்கிறோம்.

அதற்கு முன் தாம்பரத்திற்குப் போக வேண்டும். அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருந்தவர் ராணி சிரோமணி (1929–2019). அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988) அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். சோம்ஸ்கியின் விதிகள் சொற்களை இடமிருந்து வலமாக, ஒரே வரியில் கோப்பவை. படம் வரைவதற்கு இலக்கணம் வேண்டுமானால் அது குறுக்கேயும் நெடுக்கேயும் வளர வேண்டும் அல்லவா? சிரோமணி தம்பதியரும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக விளங்கிய கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1972-இல் இதற்கு ஒரு வழி கண்டு வெளியிட்டனர். முதலில் விதிகளால் ஒரு வரிசை உண்டாகும். பிறகு அவ்வரிசையின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் கீழ்நோக்கி, எல்லாம் ஒரே சமயத்தில், ஒரு சீராக வளரும். 1974-இல் அவர்கள் மூவரும் எழுதிய மற்றோர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே "கோலம்" என்ற சொல் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் விடிவதற்குள் போட்டு, பால்காரர் சைக்கிளில் அழிந்துபோகும் அதே கோலந்தான்! கிஃப்ட் சிரோமணி மறைந்தபின் 1989-இல் அவர் நினைவாக வெளிவந்த ஆய்வுத் தொகுதியில் கம்பிக் கோலத்தைப் பற்றியே ஒரு கட்டுரை உண்டு.

இதை அக்கா சொன்னபொழுது எங்கள் சிஸ்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுப்பாடம் பிறந்த இடம் அதுதான். "எல்லாரும் வாசலில் கம்பிக் கோலம் போட்டு, எத்தனை கம்பி என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். (டிசம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் மட்டுமல்ல. கணிப்பொறி இயலின் அடிப்படைகளைப் பற்றிய மாநாடு ஒன்று 1981-இல் பெங்களூரில் தொடங்கி, ஆண்டுதோறும் டிசம்பரிலேயே கூடி வருகிறதாம். அவர்களுக்கும் மார்கழிதான்.)

கம்பிக் கோலம் எல்லாருக்கும் தெரியும். நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளைத் தொடாமல் கம்பி சாய்வாக ஓடி, ஓரத்தில் வளைந்து திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். நடுவில் எங்கும் கம்பியை வெட்டித் திருப்பாமல், பின்னலாகவே போட வேண்டும் என்று எங்களுக்குள் விதி வைத்துக்கொண்டோம். சில கோலங்கள் ஒரே கம்பியில் முடிந்துவிடும். சிலவற்றில் முதல் கம்பி முடிந்தபின்னும் புள்ளிகள் மிச்சமிருக்கும். இரண்டாம் கம்பி தொடங்க வேண்டிவரும். எங்கள் கரிசல் மண்ணில் சாணம் தெளித்தால் தரை கன்னங்கரேல் என்று ஆகி, வெள்ளைப் பொடி பளிச்சென்று தெரியும். எண்ணுவதற்குக் கரும்பலகையைவிட வசதி.

இரண்டுக்கு மூன்று புள்ளி: ஒரு கம்பி. இரண்டுக்கு ஐந்து: ஒன்று. மூன்றுக்கு நான்கு, மூன்றுக்கு ஐந்து, நான்குக்கு ஐந்து: எல்லாமே ஒன்று. இரண்டுக்கு இரண்டு: இரண்டு கம்பி. மூன்றுக்கு மூன்று: மூன்று. நான்குக்கு நான்கு: நான்கு. ஐந்து பேர் எட்டுக் கோலம் போட்டு, வாய்பாடும் கண்டுபிடித்துவிட்டோம்: "சதுரமானால் பக்கத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை கம்பி, சதுரம் இல்லையானால் ஒரே கம்பி." ஏட்டில் எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டாயிற்று.

எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். நாங்கள் அத்தை என்று அழைப்போம். அவர்கள் வாசலில் உட்கார்ந்து இதைப் பெருமையாக வாசித்தபொழுது, அவர் டிபன் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகிற நேரம். ஒரு நிமிடம் நின்றார்.

"ஏட்டி, நாலுக்கு ஆறு போட்டுப் பாத்தீகளா?"

"இல்லை, அத்தை."

"அதுல ஒத்தக் கம்பி வராது. ரெண்டு வரும்."

போட்டுப் பார்த்தோம். இரண்டுதான் வந்தது! எட்டுக் கோலத்தில் சரியாக வந்த வாய்பாடு ஒன்பதாவதில் உடைந்துவிட்டது. எங்கள் ராக்கெட்டும் சிதறிற்று என்று சொல்லலாம்.

மாலையில் அத்தை வேலை முடிந்து வந்ததும், அது எப்படித் தெரியும் என்று கேட்டோம். "போட்டுப் போட்டுத் தெரியும், வேறென்ன" என்றார். நாங்கள் விடவில்லை. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, அழிந்தும் அழியாமலும் கிடந்த காலைக் கோலத்தின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார். "இந்தா, இந்த நாலுக்கு நாலுக்குள்ள போற கம்பியப் பாரு. எந்த வாசல் வழியா உள்ள போச்சோ, ஊரெல்லாம் சுத்திட்டு அதே வாசல் வழியாத்தான் வெளிய வரும். இதுக்குள்ள போனதும் ஒண்ணுதான், போகாததும் ஒண்ணுதான்."

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்தோம். மெதுவாகப் படியுங்கள், பென்சிலும் தாளும் இருந்தால் இன்னும் நல்லது.

நான்குக்கு ஆறு கோலத்தில் ஒரு பக்கமாக நான்குக்கு நான்கு சதுரத்தை மனத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சம் நான்குக்கு இரண்டு. மிச்சப் பகுதியிலிருந்து ஒரு கம்பி சதுரத்திற்குள் நுழைகிறது. அது மேல் ஓரத்தில் மோதித் திரும்பி, எதிர் ஓரத்தில் மோதி, கீழ் ஓரத்தில் மோதி, எந்த இரு புள்ளிகளுக்கு இடையே நுழைந்ததோ அதே இடைவெளிக்கு வந்து வெளியேறுகிறது. சதுரமாக இருப்பதால்தான் இது நடக்கிறது. சாய்வாக ஓடும் கம்பி குறுக்கே எவ்வளவு நகருமோ அவ்வளவே நெடுக்கேயும் நகரும். அப்படியானால் சதுரத்தை முழுவதும் அழித்துவிட்டு, அந்த இடைவெளியிலேயே கம்பியை வளைத்துத் திருப்பிவிட்டாலும் ஒன்றுதான். கம்பிகளின் எண்ணிக்கை மாறாது!

ஆகவே நான்குக்கு ஆறில் எத்தனை கம்பியோ, நான்குக்கு இரண்டிலும் அத்தனையே. அதிலிருந்து இரண்டுக்கு இரண்டு சதுரத்தை வெட்டினால் மிச்சம் இரண்டுக்கு இரண்டு. இது முழுச் சதுரம். சதுரக் கோலத்தில் ஒவ்வொரு கம்பியும் நான்கு ஓரங்களையும் ஒவ்வொரு முறை தொட்டுத் தொடங்கிய இடத்திற்கு வந்துவிடும். எனவே ஓரத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை கம்பி. இங்கே இரண்டு. அத்தை சொன்ன விடை.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போவது எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று பாடநூலைப் புரட்டினால், முதற்பருவத்தில் படித்த யூக்ளிடின் வழிமுறைதான் அது! மீப்பெரு பொது வகுத்தி காண்பதற்கு, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் ஏழாம் நூலில் எழுதி வைத்தது. கம்பிகளின் எண்ணிக்கை என்பது இரு பக்கங்களின் மீப்பெரு பொது வகுத்தி. மூன்றுக்கு ஐந்தில் ஒரு கம்பி வந்தது சதுரம் இல்லாமையால் அன்று. மூன்றுக்கும் ஐந்துக்கும் பொதுவான வகுத்தி ஒன்று மட்டுமே என்பதால். பரீட்சைக்காகப் படித்த ஒன்று வாசலில் கிடந்திருக்கிறது.

விடுமுறை முடிந்ததும் இதைப் பள்ளிக் கணிப்பொறியில் நிரலாக எழுதினோம். தமிழில் சொன்னால் இவ்வளவே: இரண்டு எண்களும் சமமா என்று பார். சமமானால் அதுவே விடை; நில். இல்லையானால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டு, மறுபடியும் தொடக்கத்திற்குப் போ.

சிஸ்டர் கேட்டார்கள்: "இது சரியென்று எப்படித் தெரியும்? எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்." எங்கள் காயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா சொல்லிப்போன இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். முதற் கேள்வி, நிரல் நின்றால் அது தரும் விடை சரியானதா? ஒவ்வொரு முறை கழிக்கும்பொழுதும் எண்கள் மாறுகின்றன. ஆனால் மாறாத ஒன்று உண்டு. அதுதான் கம்பிகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் எத்தனையோ கடைசியிலும் அத்தனை. எத்தனை சுற்று ஓடினாலும் மாறாத இந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், ஒவ்வொரு கோலத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை. இரண்டாம் கேள்வி, நிரல் கட்டாயம் நிற்குமா? ஒவ்வொரு முறையும் இரு எண்களின் கூட்டுத்தொகை குறைகிறது. முழு எண் ஒன்று, சுழியத்திற்குக் கீழே போகாமல் எல்லையின்றிக் குறைந்துகொண்டே இருக்க முடியாது. ஆகவே நின்றே தீரும்.

"இரண்டில் ஒன்று சுழியமாக இருந்தால்?" என்றாள், பாட்டியின் மழையைப் பற்றிக் கேட்ட அதே பின் பெஞ்சுத் தோழி. புள்ளியே இல்லாத கோலமா என்று அவளைக் கேலி செய்தோம். அவள் எழுந்துபோய் 4, 0 என்று தட்டினாள். நான்கிலிருந்து சுழியத்தைக் கழித்தால் நான்கு, மறுபடியும் நான்கு, மறுபடியும் நான்கு. கணிப்பொறி நிற்கவே இல்லை. மணி அடித்தபின் அதை அணைத்துவிட்டு வந்தோம். கூட்டுத்தொகை "குறைகிறது" என்று நாங்கள் எழுதியது, இரண்டு எண்களும் சுழியத்தைவிடப் பெரியவை என்றால் மட்டுமே உண்மை. அதை முதலிலேயே நிபந்தனையாக எழுதியிருக்க வேண்டும். அன்று சுண்டலில் அவளுக்கு இரட்டைப் பங்கு.

இவற்றையெல்லாம் பெரியவர்கள் முன்பே செய்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆலன் டூரிங் 1949-இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில், நிரலின் இடையிடையே "இந்த இடத்தில் இது உண்மை" என்று எழுதி வைத்துச் சரிபார்க்கலாம் என்றும், அது நிற்கும் என்று காட்டுவதற்குக் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் காட்ட வேண்டும் என்றும் பேசினார். 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும், 1969-இல் டோனி ஹோரும் அதை முறையான கணிதமாக வளர்த்தனர். நாங்கள் எழுத மறந்த தொடக்க நிபந்தனைக்கு ஹோரின் முறையில் முதலிடம்! சுற்றில் மாறாததற்கும் தனிப் பெயர் உண்டு, மாறிலி என்பார்கள். மேலும் ஒரு வியப்பு: எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடத்தக்க ஒரு பொதுவழி இருக்கவே முடியாது என்பதும் டூரிங்கின் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து கிடைப்பது. கணிப்பொறிகள் கடைக்கு வருவதற்கு முன்பே அவற்றால் முடியாததை ஒருவர் தாளில் நிறுவிவிட்டார். எனவே ஒவ்வொரு நிரலுக்கும் குறைகிற அளவை யாராவது உட்கார்ந்து தேடத்தான் வேண்டும். ஆய்வுக் கருத்தரங்குகளில் சாக்பீசோடு நிற்பவர்கள் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

கடைசியாக அத்தையிடம் போய், கோலம் போடாமலே விடை சொல்லுகிறோம், எந்தப் புள்ளி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம்பதுக்குப் பதினஞ்சு?"

ஒன்பது, பதினைந்து, ஒன்பது, ஆறு, மூன்று, ஆறு, மூன்று, மூன்று. "மூணு, அத்தை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கோலத்தை அவர் போட்டதில்லை என்று தோழி பிறகு சொன்னாள். மறுநாள் விடியலில் அவர்கள் வாசல் முழுவதும் நூற்று முப்பத்தைந்து புள்ளிகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபொழுது வெள்ளைக் கம்பி முடிந்து, சிவப்பும் முடிந்து, மஞ்சள் பொடி கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அது தொடங்கிய இடத்தைத் தொட்டதும் அத்தை நிமிர்ந்து, விடுபட்ட புள்ளி எங்காவது இருக்கிறதா என்று ஓரம் ஓரமாக நடந்து பார்த்தார். இல்லை.

"மூணுதான்" என்றார். பிறகு, "ஏட்டி, உள்ள வாங்க. அந்தக் கழிச்சல் கணக்கை எனக்கும் எழுதிக் காட்டுங்க" என்றார்.